அம்மனின் அக்கா

வசந்தா அக்கா கடந்த வியாழக்கிழமை காலை, செம்பாக்கத்தில் தன் வீட்டில் காலமானார். செய்தியை உறுதி செய்தவர் அவருடைய மகள் நித்யா. மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னதாகத் தொலைபேசியில் தெரிவித்தார். பிறகு, "நான் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க சார்" என்றார். நாள், இடம், காரணம் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். "சரி" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அந்த வீட்டை அறிந்தவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றாது. வசந்தா அக்கா தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. ஊர், எண், பெயர் மூன்றையும் வாங்கி, ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்ட பிறகே இணைப்புக் கொடுப்பார். வேலை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. "நாளைக்கு முருங்கைக்கீரை கொண்டு வர்றீங்க, பூச்சி இல்லாம. சரியா?" என்று கீரைக்கார அம்மாவிடம் கேட்பார். "இந்தம்மா கிட்ட பேசறது ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரி கீது" என்று அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். ஆனால் பூச்சிக்கீரை ஒருநாளும் அந்த வாசலுக்கு வந்ததில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. செம்பாக்கம் ஏரியின் மறுகரையில், முன்பு வயலாக இருந்து, பின்பு மனைகளாகி, இப்போது அடுக்குமாடி வீடுகளாக நிற்கும் இடத்தில் ஒரு கிணத்தம்மன் கோயில் இருக்கிறது. வயலுக்கு நீர் இறைத்த பழைய கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடி, அதன் மேல் கருவறை எழுப்பியிருக்கிறார்கள். திருவிழாச் செய்தி எழுதப் போயிருந்தேன். பந்தலில் கதைப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாடியவர் உடுக்கையை நிறுத்திவிட்டு வசனத்துக்கு வந்தார்.

"புருசங்காரன் ஒரே ஒரு வார்த்தை கேட்டான். நீ சுத்தமானவளான்னு கேட்டான். அம்மா பதில் பேசல. சிரிச்சிக்கினே கெணத்துல எறங்குனா. தண்ணி அவளைத் தொட பயந்து வெலகிச்சு. மூணாம் நாளு அவ பூவா மெதந்தா."

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போது கூட்டத்தின் நடுவில் ஒருவர் எழுந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் கைப்பை.

"சிரிச்சுக்கிட்டே எறங்கினான்னு சொல்றீங்க. பக்கத்துல நின்னு பாத்தது யாரு?"

"இன்னாம்மா?"

"சிரிச்சதைப் பாத்தது யாருன்னு கேக்கறேன்."

"யம்மா, இது சாமி கதை. நடுவுல பேஜார் பண்ணாம குந்து."

"நான் அவ அக்கா."

"யாரோட அக்கா?"

"அம்மனோட அக்கா."

பந்தலே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன், "அப்போ நீ பெரியம்மனா யக்கா? உனக்கும் ஒரு அண்டா கூழு ஊத்திடலாமா?" என்று கத்தினான்.

"ஊத்துப்பா. குடிக்கிறேன். மொதல்ல உன் பேரைச் சொல்லு. என் பேரு வசந்தா, டெலிபோன் ஆபிஸ். அவ பேரு குமுதா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இவ்வளவு நேரம் கதை கேட்டியே, அதுல அவ பேரு ஒரு தடவையாவது வந்துச்சா?"

சிரிப்பு நின்றது. மேடையோரம் நின்றிருந்த கோயில் அறங்காவலர் தணிகாசலம் வேகமாக வந்தார். குமுதாவின் கணவருடைய அண்ணன் அவர்.

"வசந்தா, ஒக்காரு. வூட்டு விசயத்தைப் பந்தல்ல பேசாத."

"வீட்டு விஷயம்தான் அண்ணா. அதை மைக் வச்சுப் பேசறது நீங்க."

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்பதற்கு முன்பே ஒரு நிபந்தனை விதித்தார். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்வேன். தெரியாததைக் கேக்காதீங்க. கேட்டாலும் நீங்களா நிரப்பிக்காதீங்க." அவர் சொன்னதையும், நான் பிறரிடம் விசாரித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். இரண்டு பெண்கள். மூத்தவர் வசந்தாவுக்குத் திருமணமாகி, வேலையும் கிடைத்தது. இளையவள் குமுதாவை ஏரிக்கு மறுகரையில் நிலபுலன் உள்ள வீட்டில் கொடுத்தார்கள். முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தபோது, முதுகில் அடியின் தடம் இருந்தது. பால் ஊற்ற வந்தவரிடம் சிரித்துப் பேசினாள் என்பது காரணம். இனி அங்கே போகமாட்டேன் என்று குமுதா சொன்னாள்.

அம்மாவுக்குத் திருப்பி அனுப்ப மனமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிவிட்டு, கணவனைக் கூடையில் சுமந்து போன பத்தினியின் கதையைப் பெண்களுக்குச் சொல்லி வளர்த்தவர் அவர்தான். அப்பா அதையே எடுத்துக்கொண்டார். "கூடையில வச்சுத் தூக்கினா ஒருத்தி. நீ ரெண்டு அடிக்கு அழுதுக்கிட்டு வந்து நிக்கிற" என்றார். ஆடி முடிந்ததும் அவரே கூட்டிக்கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டார். வசந்தா அதைத் தடுக்கவில்லை. இதை என்னிடம் சொன்னபோது அவர் யாரையும் திட்டவில்லை. "எங்க வீட்ல யாரும் கெட்டவங்க இல்ல சார். எல்லாரும் கதை கேட்டவங்க" என்றார்.

ஆவணி முடிவதற்குள் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு அழைப்பு வந்தது. பேசியவர் தணிகாசலம். "வசந்தா, குமுதா கால் வழுக்கி கெணத்துல வுழுந்துட்டா. போயிட்டா." வசந்தாவின் வாய் பழக்கத்தில் திருப்பிச் சொன்னது: "கால் வழுக்கி கிணத்துல விழுந்துட்டா. சரியா?" மறுமுனையில் "ஆமா" என்று பதில் வந்தது. போலீஸும் அதையே எழுதியது. புகார் கொடுக்க அப்பா முன்வரவில்லை. இறந்த பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தார். வசந்தா தனியாகக் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவே இல்லை.

பின்பு ஒரு கோடையில் குமுதாவின் புகுந்த வீட்டுக் குழந்தைகளுக்கு அம்மை போட்டது. குறி கேட்டார்கள். கிணற்றில் போனவள் இடம் கேட்கிறாள் என்று சொல்லப்பட்டது. வீட்டில் அகாலமாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று பெயரிட்டு, புடவை வைத்துப் படைப்பது இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களில் உள்ள வழக்கம்தான். கிணற்றடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். முதல் படையலில் தணிகாசலம் எழுந்து நின்று, தன் தம்பி மனைவி தன் கற்பைக் காட்டச் சிரித்தபடி கிணற்றில் இறங்கினாள் என்று ஊருக்குச் சொன்னார். வசந்தா அங்கே இருந்தார்.

"ஒரே ஆள், ரெண்டு செய்தி. வழுக்கி விழுந்தவ எப்படி சார் சிரிச்சுக்கிட்டே எறங்குவா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு அடுத்ததைச் சொன்னார்: "உயிரோட இருந்தப்போ சிரிச்சதுக்கு அடிச்சாங்க. செத்ததுக்கு அப்புறம் சிரிச்சான்னு கோயில் கட்டறாங்க."

நான் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் பேசியதைக் குறிப்பெடுத்திருக்கிறேன். இந்த நாட்டில் பெண்ணை எப்படி வைத்திருக்கிறோம் என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குமுதாவின் கணவரைத் தேடிப் போனேன். மறுமணம் செய்துகொண்டு வேறு ஊரில் இருந்தார். பேச மறுத்துவிட்டார். இப்போது அவரும் உயிரோடு இல்லை. தணிகாசலத்திடம் இரண்டு செய்திகளைப் பற்றியும் கேட்டேன். "போன்ல சொன்னது போலீசுக்காக. பந்தல்ல சொன்னது சாமிக்காக. இதுல இன்னா சார் கீது?" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியே நம்பினார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

வசந்தா அக்கா நாத்திகர் இல்லை. குன்றத்தூர் முருகனுக்குக் கிருத்திகை தவறாமல் போய் வருவார். தங்கையின் கோயிலுக்கும் ஒவ்வோர் ஆடியும் போவார். ஆனால் பொங்கலோ கூழோ கொண்டுபோக மாட்டார். மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தையை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கல்லின் முன்னால் வைப்பார். புதிதாக வந்த பூசாரி பதறிப்போனார்.

"இன்னாக்கா இது, சாமிக்குப் போய் மாங்கா பத்தை?"

"அவளுக்குப் பொங்கல் பிடிக்காதுப்பா. நெய் வாசனையே ஆகாது. நீங்கதான் வருஷா வருஷம் வச்சு அவளை ஓட்டிக்கிட்டிருக்கீங்க."

துணைக்கு எப்போதும் ஜெசிந்தா டீச்சர் வருவார். பக்கத்து வீட்டுக்காரர், மேற்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. கோயிலுக்குள் வருகிறாரே என்று யாரோ முணுமுணுத்தபோது, டீச்சர் சளைக்கவில்லை. "நான் சாமி கும்பிட வரல. வசந்தா தங்கச்சியைப் பாக்க வர்றேன். எங்க சர்ச்லயும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பொண்ணைப் பாத்துத்தான் கீழ்ப்படியச் சொல்றாங்க. மாப்பிள்ளைக்கு ஒரு வரி சொன்னா பிரசங்கம் நீண்டுடுமாம்" என்றார். வசந்தா அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

அடுத்ததை நான் நேரில் பார்க்கவில்லை. டீச்சரும் பூசாரியும் தனித்தனியாகச் சொன்னார்கள்; இரண்டும் பொருந்துகின்றன.

கதை பரவியதால் கோயிலில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. மனைவி மேல் சந்தேகம் வந்தால், அவளை அம்மன் முன்னால் நிறுத்தி, எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைப்பது. கிணத்தம்மன் பொய்யைப் பொறுக்கமாட்டாள் என்று சொல்லி, வேளச்சேரியிலிருந்தும் பள்ளிக்கரணையிலிருந்தும்கூட அழைத்து வந்தார்கள். அன்று வந்தவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். அலுவலகக் காரில் தாமதமாக வந்து இறங்குகிறாள் என்பது குற்றம். மாமியார் பிடித்து நிறுத்தியிருந்தார். கணவன் வெளியே பைக் மேல் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூசாரி கற்பூரம் ஏற்றினார்.

வசந்தா அக்கா தட்டின் மேல் தன் கையை வைத்துக் கற்பூரத்தை அணைத்தார்.

"இதோ, நான் அணைச்சுட்டேன். இந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சத்தியம். போதுமா?"

"நீங்க யாருங்க நடுவுல?" என்று மாமியார் சீறினார்.

"இங்க உக்காந்திருக்கறது என் தங்கச்சி. அவளைச் சந்தேகப்பட்டுத்தான் இந்தக் கிணத்தடிக்கு அனுப்பினாங்க. அவ முன்னாடியே இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தறீங்க. ஒண்ணு செய்யலாம். வெளியில உங்க பையன் இருக்காரே, அவரையும் கூப்பிடுங்க. அவரும் பண்ணட்டும். கற்பூரம் நெறைய இருக்கு. இல்லப்பா பூசாரி?"

பூசாரி, "ரெண்டு பாக்கெட்டு கீதுக்கா" என்றார். நிற்க வைக்கப்பட்டிருந்த பெண் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் செம்பாக்கம் வீட்டைத் தேடி வந்து, காபி குடித்துவிட்டுப் போனாள் என்று நித்யா சொல்கிறார். என்ன பேசினார்கள் என்று வசந்தா அக்கா யாரிடமும் சொல்லவில்லை. டெலிபோன் ஆபிஸில் வேலை பார்த்தவர், கேட்டதை வெளியே விடமாட்டார்.

கையில் எழும்பிய கொப்புளத்துடன் அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார். "சார், இத்தனை வருஷம் நான் செத்தவளுக்காகச் சண்டை போடறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தப்பு. அந்தக் கதை இன்னும் ஆளுங்களைக் கிணத்துக்கிட்ட கூட்டிட்டு வருது" என்றார்.

இந்த ஆண்டு கோயிலைப் புதுப்பித்து, வரும் தை மாதம் கும்பாபிஷேகம் செய்ய முடிவாயிற்று. வாசலில் கருங்கல்லில் தல வரலாறு பொறிப்பதாகவும் திட்டம். வாசகம் தயாரானது: 'கணவன் சொல் காக்கச் சிரித்த முகத்துடன் கிணற்றில் இறங்கித் தெய்வமான பத்தினி.' தகவல் வந்ததும் வசந்தா அக்கா கோயில் குழுவுக்கு ஆட்சேபம் தெரிவித்து, தன் வாசகத்தையும் கொடுத்தார். அது இது: 'குமுதா இங்கே இருந்த கிணற்றில் இறந்தாள். இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். யாரும் கேட்கவில்லை. இவள் முன்னால் எந்தப் பெண்ணையும் சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள்.'

அதைப் படித்துவிட்டு, "கொலை என்று நீங்கள் நினைக்கவில்லையா?" என்று கேட்டேன். கடைசியாக நாங்கள் சந்தித்தது அப்போதுதான். ஏரிக்கரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம்.

"நெனைக்கறது வேற சார். கல்லுல எழுதறது வேற. அவங்க தெரியாததை எழுதறாங்கன்னுதானே சண்டை? நானும் அதையே பண்ணவா?"

"காலம் போய்விட்டது, விட்டுவிடலாமே என்று குழுவில் சொல்கிறார்களாமே?"

"ஆடிக்கு வீட்டுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பினோம். இப்போ ஆடிக்கு ஆடி ஊரே வந்து அவளைக் கூப்பிடுது. காலம் எங்க போச்சு?" என்றார். பிறகு எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு நடந்தார்.

அவருடைய சிதைக்கு நித்யாதான் தீ மூட்டினார். யாரும் குறுக்கே பேசவில்லை. பேசினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்திருக்கும். தணிகாசலமும் வந்திருந்தார். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது வீட்டுக்கே வந்தார். தடியூன்றி நடக்கும் வயது அவருக்கு. நானும் டீச்சரும் கூடத்தில் இருந்தோம்.

"நித்யாம்மா, உங்கம்மா சாதாரண மனுஷி இல்ல. நாங்க பேசிக்கினு இருந்தோம். தங்கச்சி பக்கத்துலயே இவளுக்கும் ஒரு கல்லு நட்டுடலாம். அக்காளும் தங்கச்சியுமா ஊரே கும்புடட்டும். கும்பாபிசேகத்தோட சேத்துப் பண்ணிடலாம். இன்னா சொல்ற?"

நித்யா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"எங்கம்மாவுக்குக் கல்லு நடறீங்க. மஞ்சள் பூசறீங்க. ஊரு கும்பிடும். அதுக்கு அப்புறம் எங்கம்மா கேட்ட கேள்வியை யாரும் கேக்க மாட்டாங்க. சரியா பெரியப்பா?"

"அய்யே, அப்படி இல்லம்மா. நல்ல எண்ணத்துலதான் சொல்றேன்."

"தெரியும் பெரியப்பா. குமுதா சித்தியைத் திருப்பி அனுப்பினப்பவும் எல்லாரும் நல்ல எண்ணத்துலதான் இருந்தாங்க."

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார். கோபமாகப் போனாரா, வேறு விதமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை நிரப்பமாட்டேன்.

அவரை அறிந்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இரங்கல் சொல்ல வந்த சிலர் அவரை 'அம்மன் மாதிரி', 'தெய்வப் பிறவி' என்று சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஜெசிந்தா டீச்சருக்குத் தெரியாமல் மைசூர்பாகு தின்பார். பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை பிடிப்பார். என் செய்தியில் தெருப்பெயர் தப்பாக வந்தால் காலையிலேயே கூப்பிட்டுத் திட்டுவார். மனுஷியாக வாழ்ந்து, மனுஷியாகக் கேள்வி கேட்டார். மனுஷிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கல்லுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. நாம் பெண்களைக் கும்பிட இவ்வளவு விரைந்து எழுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த வசதியை வசந்தா விஷயத்தில் யாருக்கும் தரக்கூடாது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பழக்கத்தை. ஒருவர் சொன்னதை அவர் காதுபட அப்படியே திருப்பிச் சொல்வது. சொல்லிவிட்டு, பதில் வரும் வரை அவர் முகத்தைப் பார்ப்பது.

இனி நிலவரம். கருங்கல் வண்டலூர் தாண்டி ஒரு பட்டறையில் கிடக்கிறது. எழுத்துகள் இன்னும் வெட்டப்படவில்லை. எந்த வாசகம் என்று உறுதியாகச் சொன்னால்தான் உளி வைப்பேன் என்கிறார் கல்தச்சர். குழு முடிவுசெய்யும் வரை யாருக்கும் சத்தியக் கற்பூரம் ஏற்றப்போவதில்லை என்று பூசாரி என்னிடம் சொன்னார். பெயர் போட்டே எழுதலாம் என்றார், நான்தான் போடவில்லை. தணிகாசலத்திடம் நேற்றுக் கேட்டேன். "கூட்டத்துல பேசிக்கலாம்" என்பதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

காரியம் முடிந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில் குழு கூடுகிறது. இரண்டு வாசகங்களும் முன்வைக்கப்படும். அம்மாவின் வாசகத்தை நித்யா படிப்பார். படித்து முடித்ததும் அவர் என்ன கேட்கப்போகிறார் என்பது குழுவில் உள்ள எல்லோருக்கும் இப்போதே தெரியும்.